கள்ளச்சாவி

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு கண்கள்மேல் ஆணையாகச் சொல்கிறேன். இடது கண்ணில் புரை விழுந்திருப்பதால், ஆணை செல்லாமல் போய்விடக் கூடாதே என்று வலது கண்மேல் தனியாக இன்னொரு ஆணையும் இடுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. எங்காவது நம்புவதற்குச் சிரமமாக இருந்தால் அது அப்படி நடந்துகொண்டவர்களின் குற்றமே தவிர, சொல்பவனின் குற்றமல்ல.

அன்று வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கு நாத்தனார் சர்க்கரை டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

“இதுல என்னவோ வாசனை வருதே?”

“சர்க்கரைக்கு என்ன வாசனை அண்ணி...” என்றாள் தம்பி மனைவியான அவள், அடுப்பில் பாலைக் கிளறியபடியே.

“அதைத்தான் நானும் கேக்கறேன். வாசனையே இல்லாத பொருள்ல வாசனை வருதுன்னா, அது தொட்ட கையிலேர்ந்து வந்திருக்கணும். இது இரும்பு வாசனை! எங்க, கையக் காட்டு.”

அவள் கைகளைத் துண்டில் துடைப்பது போல் உள்ளே சுருட்டிக்கொண்டாள்.

“பாத்திரம் தேய்ச்ச கை அண்ணி.”

“இந்த வீட்ல இரும்புப் பாத்திரமே கெடையாதே! வந்த அன்னிக்கே எண்ணிட்டேன்!”

நாத்தனாரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் பரீட்சைக் கூடங்களில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பறக்கும் படை. இரண்டு மாடிக்குக் கீழே ஒரு பையன் சட்டைக்கைக்குள் துண்டுச்சீட்டை மடிக்கிற சத்தம் கேட்டு, மேலே இருந்தபடியே, “மூணாவது பெஞ்சு, எந்திரி!” என்று சொன்னவர். ஒருமுறை, எதையுமே பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பிடித்தார். அவள் நடுநடுவே கூரையைப் பார்த்து யோசித்தாளாம். யோசிப்பது சந்தேகத்துக்கு இடமளிக்கிறது என்று அறிக்கையும் எழுதினார். ஓய்வுக்குப் பிறகு பிடிப்பதற்கு யாரும் இல்லாமல் பாவம், உடம்பு இளைத்துப் போயிருந்தார். தம்பி வீட்டுக்கு வந்த ஒன்பதே நாளில் முகத்தில் களை வந்துவிட்டது.

“நான் சுத்தி வளைச்சுப் பேசறவ இல்ல,” என்று சர்க்கரை டப்பாவை மூடினார் நாத்தனார். “நாளைக்குக் காலையில வண்டி வருது. சொல்லியாச்சு. என் தம்பிய என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

கரண்டி அவள் கையிலிருந்து பாலுக்குள் விழுந்தது.

“அண்ணி...! அவரால அவ்வளவு தூரம்...”

“உங்கூட இருக்கறதை விட தூரம் ஒண்ணும் ஆபத்தில்ல. பத்து மாசமா என் தம்பி உன்னை என்னன்னு கூப்பிடறான்? சொல்லு! உன் வாயால சொல்லு!”

அவள் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. உள்ளறையிலிருந்து, மணி அடித்தது போல, ஒரு குரல் வந்தது.

“கள்ளச்சாவி!”

நாத்தனார் சாட்சியைக் காட்டுகிற வக்கீல் போல அறைப் பக்கம் கையை நீட்டினார்.

கூப்பிட்டவர் அவளுடைய கணவர். ஊரில் எல்லோருக்கும் பூட்டுக்காரர். கடைத்தெருக் கடைசியில் இரண்டு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கடை. பூட்டு ரிப்பேர், தொலைந்த சாவிக்கு மாற்றுச்சாவி. அந்த மாற்றுச்சாவிக்குத்தான் தொழிலில் கள்ளச்சாவி என்று பேர். ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், முக்காலியில் உட்கார்ந்து அரம் போட்டுக்கொண்டிருந்தவர், “தலை...” என்று மட்டும் சொல்லிச் சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு. மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். நாற்பத்திரண்டு நாள் கண் திறக்கவில்லை.

“இடது பக்கம், பேச்சு இருக்கிற இடத்துல கசிஞ்சிருக்கும்மா,” என்று டாக்டர் அவளுக்குச் சொல்லியிருந்தார். “வலது கை, கால் வர நாளாகும். வார்த்தை எல்லாம் உள்ளதான் இருக்கும், வெளிய வர வழி அடைச்சிருக்கும். ஒண்ணு நினைப்பார், வேற ஒண்ணு வரும். சிரிப்பும் அழுகையும்கூட இடம் மாறி வரும். பொறுமையா இருங்க. மனசு உடையற மாதிரி மட்டும் அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க.”

அந்த நாற்பத்திரண்டு நாளும் அவள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் காதில் விதவிதமாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஏங்க என்றாள். முதலாளி என்றாள். கோபமாக, கொஞ்சலாக, கெஞ்சலாக. கல்யாணமான புதிதில் வைத்திருந்த, வெளியில் சொல்ல முடியாத ஒரு பெயரையும் சொன்னாள். நாற்பத்து மூன்றாம் நாள், உறவினர்கள் சுற்றி நிற்க, பூட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“கள்ளச்சாவி” என்றார்.

உடம்பு நன்றாக இருந்த காலத்தில்கூட அவர் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் மூன்று பேர் தங்கள் தலையணைக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் நினைவில்லாமல் கிடந்தவர்.

அதன் பிறகு வந்த சொற்களும் கடையிலிருந்தே வந்தன. தண்ணீர் வேண்டுமென்றால் “எண்ணெய்”. பசித்தால் “இரும்பு”. வலித்தால் “அரம்”. கழிப்பறைக்குப் போக “கதவு”. புரட்டிப் படுக்க வைக்க “திருகு”. வேண்டாம் என்பதற்கும் டாக்டருக்கும் ஒரே சொல், “துரு”. இந்த அகராதியை அவள் ஒருத்திதான் கற்றுக்கொண்டாள். காலை ஐந்து மணிக்கு அவருடைய வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீவுவாள். பிசைந்த மாவை உள்ளங்கையில் வைத்து, “அழுத்துங்க... இன்னும் கொஞ்சம்... அப்படித்தான்!” என்பாள். நடைவழிச் சுவரில் நீளக் கயிறு கட்டி, அதைப் பிடித்து நடக்க வைத்தாள். முதல் மாதம் இரண்டு அடி. இப்போது பதினொரு அடி, நடுவில் ஒரு முக்காலி. ஒரு அடி கூடினால், அன்று முழுக்க அவள் பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவளுக்கு அர்த்தம் தெரியவில்லை. இல்லை... தெரியும் என்று பயந்தாள்.

அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது.

அவர் கண் மூடிக் கிடந்தபோதே, கடையை வாடகைக்கு விட்டிருந்த கட்டடக்காரர் வந்து, “மூடின கடைய வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? வேற ஆள் கேக்கறான்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடை போய்விட்டால், இவர் எழுந்து எங்கே போவார்? எதற்காக எழுவார்? ஆஸ்பத்திரியில் பார்வையாளர்களை வெளியே அனுப்பும் மத்தியான நேரத்தில் அவள் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி தூக்கினாள். கருவிகள் எல்லாம் இழுப்பறையில். அதற்குப் பூட்டு. சாவி, அவர் விழுந்த அன்று கூட்டத்தில் எங்கோ தொலைந்துபோயிருந்தது. பதினெட்டு வருஷமாக அந்தச் சாவியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. “என் அரத்தை என்னைத் தவிர ஒருத்தர் தொடக் கூடாது” என்பார். அவளிடமும்தான் சொன்னார்.

பல் வெட்டாத ஒரு வெற்றுச்சாவியையும் எதிர்க்கடையில் கடன் வாங்கிய மழுங்கின அரத்தையும் வைத்துக்கொண்டு அவள் மூன்று மத்தியானம் போராடினாள். உள்ளே விடுவாள், திருப்புவாள், எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பாள், எங்கே உரசிய தடம் இருக்கிறதோ அங்கே ராவுவாள். முப்பத்தெட்டாம் நாள் இழுப்பறை திறந்தது. அவள் போட்ட முதல் கள்ளச்சாவி, சொந்தப் புருஷனின் பூட்டுக்கு!

சரியாக ஐந்து நாள் கழித்து அவர் கண் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, அந்தச் சொல்லைச் சொல்கிறார் என்றால்...?

கண்ணை மூடிக்கொண்டே பார்த்துவிட்டாரோ! என்னை மன்னிக்கவில்லையோ! பத்து மாதமாகத் தினம் முப்பது நாற்பது தடவை அந்தச் சொல் அவள் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. கேட்கவும் பயம். ஆமாம் என்றுவிட்டால்? மனசு உடைந்து இன்னொரு நரம்பும் போய்விட்டால்?

வீட்டுக்கு வந்த பிறகும், மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை அவர் தூங்கும் நேரத்தில், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு, “மருந்து வாங்கிட்டு வந்துடறேன்” என்று கடைக்கு ஓடினாள். வேலை படிந்துவிட்டது. பூட்டைக் காதில் வைத்து ஆட்டியே, அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று சொல்லும் அளவுக்குப் படிந்துவிட்டது. ஆனால் தினமும் மருந்து வாங்கப் போகிறவள் மருந்து இல்லாமல் வருவதைத் தையல்காரம்மா கவனித்துக்கொண்டே இருந்தாள். பொறுக்க முடியாத ஒரு நாளில் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

“உங்க தம்பி பொண்டாட்டியப் பாத்துக் கள்ளச்சாவி கள்ளச்சாவின்னு கத்தறாரு. அவங்க தினம் எங்கயோ போய்ட்டு வராங்க. எனக்கெதுக்கு வம்பு... நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க.”

நாத்தனார் ஒரு பெட்டியும் ஒரு கறுப்புக் குடையுமாக வந்து இறங்கினார். முதல் நாளே தடயங்கள் குவிந்தன. அவள் அறைக்குள் நுழைந்தால் தம்பி அழுகிறான். அவள் வெளியே போனால் சிரிக்கிறான். “டாக்டர்தான் சொன்னாரு அண்ணி, இடம் மாறி வரும்னு...” என்று அவள் சொன்னதை நாத்தனார் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் பார்த்த முப்பத்திரண்டு வருஷத்தில் யாரும் உண்மையான காரணத்தை முதலில் சொன்னதில்லை.

இரண்டாம் நாளிலிருந்து தம்பியைத் தானே கவனித்துக்கொள்வதாக அறிவித்தார்.

“எண்ணெய்...” என்றார் பூட்டுக்காரர், நாக்கு வறண்டு.

“பாத்தியா! எத்தனை மாசமா என் தம்பி தலைக்கு எண்ணெயே வெக்கல நீ!”

ஒரு கிண்ணம் எண்ணெயைத் தலையில் கவிழ்த்துத் தேய்த்தார்.

“எண்ணெய்! எண்ணெய்!”

“இன்னும் கேக்கறான் பாரு, புள்ள ஏங்கிப் போயிருக்கான்!”

“அண்ணி, அவரு தண்ணி கேக்கறாரு...”

“எனக்குத் தமிழ் தெரியும்மா!”

நான்கு நாள் இப்படிப் போயிற்று. நாத்தனார் குளிக்கப் போகிற நேரம் பார்த்து அவள் ஓடிவந்து தண்ணீர் புகட்டிவிட்டு ஓடுவாள். ஐந்தாம் நாள் நாடி பார்க்க வந்த டாக்டரின் கையிலிருந்து பூட்டுக்காரரின் மணிக்கட்டு மூன்று தடவை நழுவியது. நாற்காலியில் உட்கார வைத்தால் வழுக்கிக் கதவு வரை போய்விடுகிறார் என்று சக்கர நாற்காலியில் ஒரு துண்டால் கட்டி வைக்க வேண்டியிருந்தது. பயிற்சி நடக்கவில்லை. பதினொரு அடி ஒன்பதாயிற்று. ஒன்பது ஐந்தாயிற்று. நாளை வண்டி ஏறிவிட்டால், அவர் தண்ணீர் கேட்பது உலகத்தில் யாருக்கும் புரியப்போவதில்லை.

“அண்ணி, உங்க கால்ல விழறேன்,” என்றாள் அவள், பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருக்க. “என்னை என்ன வேணா சொல்லுங்க. அவரை மட்டும் கொண்டு போகாதீங்க. அவரு சொல்றது எனக்கு மட்டும்தான்...”

“புரியும். அதான் பயமா இருக்கா? எங்க வீட்டுக்கு வந்து, நீ என்ன பண்ணினேன்னு முழுசா சொல்லிடுவான்னு?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் செருப்பை மாட்டினாள். கடைசியாக ஒரு தடவை கடைக்குப் போய், ஒப்புக்கொண்ட வேலை ஒன்றை முடித்துக் கொடுத்துவிட்டு, ஷட்டரை இறக்கிக் கட்டடக்காரரிடம் ஒப்படைத்துவிடுவது. திரும்பி வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. ரகசியத்துக்காகத்தானே இத்தனையும்? கடை போனால் போகட்டும், அவர் இருந்தால் போதும். அப்படித்தான் முடிவு செய்திருந்தாள்.

“மருந்து வாங்கிட்டு வந்துடறேன் அண்ணி.”

“போய்ட்டு வா, போய்ட்டு வா,” என்றார் நாத்தனார், கோந்து போல ஒட்டுகிற குரலில்.

அவள் தெருமுனை திரும்பியதும் நாத்தனார் குடையை எடுத்தார். தம்பியைத் தனியாக விட முடியாது. தையல்காரம்மாவை நம்ப முடியாது, போன் போட்டுச் சொல்கிறவள் எதையும் செய்வாள். எனவே தம்பியைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு கிளம்பினார். ஒரு கையில் நாற்காலி, மறு கையில், இருவரையும் மறைத்துப் பிடித்த விரித்த குடை.

மறைந்து போவதில் ஒரே ஒரு சிரமம். குடையின் ஓட்டை வழியாக மனைவியின் முதுகு தெரியும்போதெல்லாம் பூட்டுக்காரர் சந்தோஷமாக, “கள்ளச்சாவி!” என்று குரல் கொடுத்தார்.

“உஷ்! எனக்குத் தெரியும்டா. கையும் களவுமாப் பிடிக்கத்தான் போறோம். வாய மூடு!”

“துரு,” என்றார் பூட்டுக்காரர்.

கடைத்தெருவுக்கு இறங்கும் சரிவில் நாற்காலி வேகம் எடுத்துவிட்டது. நாத்தனார் குடையோடு பின்னால் பறந்தார். பறக்கும் படை என்ற பெயரை அவர் நிரூபித்தது அன்றுதான். பின்தொடர்ந்து போனவர்கள் பின்தொடரப்பட்டவளைத் தாண்டி முன்னால் போய்விட்டதால், ஒரு லாரிக்குப் பின்னால் நின்று, அவள் கடந்து போகும்வரை காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து பின்தொடர வேண்டியதாயிற்று. அவள் தரையைப் பார்த்தே நடந்துகொண்டிருந்தாள். நாளையைத் தவிர எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

பாதி இறங்கிய ஒரு ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தாள். நாத்தனார் வெளியே நின்று காதைத் தீட்டினார். உள்ளே ஒரு ஆண் குரல்!

“இன்னிக்காவது முடியுமா? வீட்ல இன்னும் சொல்லலங்க. தெரிஞ்சா அவ என்னைக் கொன்னுடுவா.”

“மெதுவாப் பேசுங்க,” என்றது அவள் குரல். “யாருக்கும் தெரியாம முடிச்சுக் குடுத்துடறேன். இதோட சரி. நாளையிலேர்ந்து நான் வர மாட்டேன்.”

நாத்தனாரின் முகம் இறுதிப் பரீட்சைக் காலத்து முகம் ஆயிற்று. ஷட்டரை ஒரே வீச்சில் தூக்கினார்.

“எந்திரி! பேனாவக் கீழ வை!”

உள்ளே இருந்த ரொட்டிக்கடைக்காரர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்தார். அவரிடம் பேனா இல்லை. ஆனால் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மாளின் கூடத்தில் பரீட்சை எழுதியவர். அந்தக் குரலுக்கு உடம்பு தானாகவே எழுந்துவிட்டது.

பட்டறைப் பிடியில் இறுக்கிய ஒரு பெரிய பூட்டு. அவள் இடது கையில் அரைகுறையாக ராவிய சாவி, வலது கையில் அரம். மணிக்கட்டு வரை கருப்பு.

“பிடிச்சிட்டேன்!” என்று நாத்தனார் தெருவே திரும்பிப் பார்க்கக் கூவினார். “கள்ளச்சாவி! என் கண்ணு முன்னாலயே கள்ளச்சாவி போடறா! பாருங்க, எல்லாரும் வந்து பாருங்க!”

“அம்மா...” என்று கையை இறக்காமலே ரொட்டிக்கடைக்காரர் சொன்னார். “இது கள்ளச்சாவி போடற கடைங்க. மேல பலகையிலயே போட்டிருக்கு. அடுப்பறைச் சாவிய நான் தொலைச்சுட்டேன். நாளைக்கு ரொட்டி போடணும்.”

நாத்தனார் வெளியே வந்து பலகையைப் படித்தார். எழுத்துப் பிழை ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார். இல்லை. உள்ளே வந்தார். சந்தேகம் ஒரு பக்கம் போனால் வேறு பக்கமாகத் திரும்பி வரும் மனசு அவருடையது.

“அப்ப ஏன்டி மறைச்சே? நல்ல காரியம்னா ஏன் மறைக்கணும்? புருஷன் விழுந்து கெடக்கான், அவன் உக்காந்த எடத்துல போய் நீ உக்காந்துட்ட! அவன் தொடக் கூடாதுன்ன அரத்தைத் தொட்டுட்ட! அதைத்தான்டி அவன் சொல்லிச் சொல்லி அழறான்!”

அப்போதுதான் அவள் வாசலைப் பார்த்தாள். சக்கர நாற்காலியில் அவர். அவளுடைய கருத்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

அரம் கீழே விழுந்தது. அவள் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள்.

“ஆமாங்க... நான் திருடிதான்! நீங்க கண்ணு மூடியிருந்தப்போ உங்க இழுப்பறைய நான் கள்ளச்சாவி போட்டுத் திறந்தேன். பதினெட்டு வருஷமா எனக்குக் குடுக்காத சாவிங்க அது... உங்களக் கேக்காம திறந்தேன். கட போயிடும்னு பயந்துட்டேன்! நீங்க எந்திரிச்சு வந்தா உக்கார ஒரு முக்காலி வேணுமேன்னு... அது தப்புன்னா தினம் தினம் அந்தப் பேர் சொல்லிக் குத்தாதீங்க... ஒரே தடவையா அடிச்சிடுங்க! எனக்குத் தாங்கலங்க...!”

ரொட்டிக்கடைக்காரருக்குக் கை வலித்திருக்க வேண்டும், ஆனாலும் இறக்கவில்லை.

பூட்டுக்காரர் இடது கையை நீட்டினார். அவள் தலையில் வைக்கப் போகிறார் என்று நினைத்தாள். அவர் அவள் விரலிடுக்கில் இருந்த அரைகுறைச் சாவியை எடுத்தார். கட்டை விரலை அதன் பற்கள்மேல் ஓட்டினார். மூன்றாவது பல்லில் விரல் நின்றது.

“அரம்,” என்றார்.

“வலிக்குதா? எங்க வலிக்குது?” என்று அவள் பதறி அவர் தலையைப் பிடித்தாள்.

அவர் தலையை ஆட்டினார். இல்லை. தரையைக் காட்டினார்.

“அரம்.”

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. பத்து மாதத்தில் முதல் தடவையாக, அரம் என்ற சொல் அரத்தைக் குறித்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தாள். சாவியை அவள் பிடித்துக்கொள்ள, அவர் இடது கையால், மூன்றாவது பல்லில், நாலே நாலு இழுப்பு இழுத்தார். ஊதினார். பூட்டுப் பக்கம் தலையை அசைத்தார். அவள் சாவியை உள்ளே விட்டுத் திருப்பினாள்.

ரொட்டிக்கடைப் பூட்டு வாயைத் திறந்தது.

“தம்பி...” என்றார் நாத்தனார். குரலில் எப்போதும் இருக்கும் முறைப்பு இல்லை. “தம்பி, என்னடா... நீ அவளைத் திட்டலையாடா? அப்ப அந்த வார்த்தைக்கு என்னடா அர்த்தம்?”

பூட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். தையல் தழும்பு ஓடிய தன் தலையில் விரலால் தட்டினார்.

“பூட்டு.”

பிறகு சட்டைப்பையில் கையை விட்டுத் துழாவி, வெறும் கையை வெளியே எடுத்து விரித்துக் காட்டினார்.

“சாவி...” என்று உதட்டைப் பிதுக்கினார். போயிற்று.

பிறகு அவள் கையைப் பிடித்தார். கருத்துப்போன அந்த ஆள்காட்டி விரலை இழுத்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டார். லேசாகத் திருப்பினார்.

“கள்ளச்சாவி,” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பத்து மாதத்தில் சிரிப்பு சரியான இடத்தில் வந்தது அப்போதுதான்.

அவள் அப்படியே அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முப்பது நாற்பது தடவை என்று தினம் எண்ணிக்கொண்டிருந்தாளே, அத்தனை தடவையும் அவர் கூப்பிட்டது அதுதானா! அழுகை அவளுக்கும் வந்தது, அவருக்கும் வந்தது. யாருடையது இடம் மாறியது, யாருடையது சரியான இடத்தில் வந்தது என்று பிரித்துச் சொல்ல எந்த டாக்டராலும் முடிந்திருக்காது.

நாத்தனார் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“தண்ணி கேட்டவனுக்கு எண்ணெய ஊத்தினேனே...! நாலு நாளு ஊத்தினேனே...! நீ சொல்லச் சொல்லக் கேக்காம ஊத்தினேனே...!”

“அண்ணி, விடுங்க...”

“என்னடி விடறது? யோசிக்கிற பிள்ளைங்களை எல்லாம் திருட்டுப் பிள்ளைங்கன்னு பிடிச்ச கண்ணுடி இது! இந்தக் கண்ணுக்கு உன்னை எப்படித் தெரியும்? அவனுக்கு நான் கூடப்பிறந்தவதான்டி... ஆனா நீதான் அவனுக்கு வாயி. வாய விட்டுட்டு உடம்ப மட்டும் நான் வண்டியில ஏத்திட்டுப் போகப் பாத்தேனே, பாவி!”

நாத்தனார் எழுந்து வந்து அவளை வாரி அணைத்துக்கொண்டார். அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். கண்ணைச் சுற்றி வட்டமாக, மூக்குக்கண்ணாடி போட்டது போல், கருப்பு ஒட்டிக்கொண்டது. அதோடுதான் கடைத்தெரு முழுக்க நடந்து வீட்டுக்குப் போனார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவ்வளவு பேர் அவரிடம் பரீட்சை எழுதியிருந்தார்கள்.

“நான் கைய இறக்கலாமுங்களா?” என்று ரொட்டிக்கடைக்காரர் கேட்டார்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. நாத்தனார் அதில் ஆளை ஏற்றவில்லை, தன்னுடைய மிச்சச் சாமான்களைக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். இப்போது மத்தியானங்களில் ஷட்டர் முழுசாகத் தூக்கியிருக்கிறது. பூட்டுக்காரர் சக்கர நாற்காலியில் பட்டறைப் பக்கத்தில். அவருடைய வலது கையின்மேல் அவள் தன் கையை வைத்து, இரண்டு கையுமாக ஒரு அரத்தைப் பிடிக்கப் பழகுகிறார்கள். ஒரு சாவி போட மூன்று நாள் ஆகிறது. நடை பதினாலு அடி. வாசலில் முக்காலி போட்டு நாத்தனார் உட்கார்ந்திருக்கிறார். கள்ளச்சாவி கேட்டு வருகிறவர்களிடம், “பூட்டு உங்களோடதுதானா? சாட்சி யாரு? ஏன் மேல பாத்து யோசிக்கறீங்க?” என்று விசாரிக்கிறார். வியாபாரம் பாதியாகிவிட்டது. மிச்சமிருக்கும் வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் யோக்கியர்கள். அவளுக்கு அது போதுமாக இருக்கிறது. அவர் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை கூப்பிடுகிறார், முப்பது நாற்பது தடவையும் அவள் முதல் தடவை போல, “வந்தேங்க!” என்கிறாள்.

நான் அந்த ஊருக்குப் போனதில்லை. இது அத்தனையையும் எனக்குத் தொலைபேசியில் சொன்னவர் பூட்டுக்காரர் ஒருவரே. அவரிடம் இன்றைய தேதிக்கு மொத்தம் ஒன்பது சொற்கள் இருக்கின்றன.